மணி அடிக்காத வீடு

லூனாஸில் எங்கள் வீட்டுச் சாமி மேடையில் ஒரு வெண்கல மணி இருக்கிறது. தோட்டத்திலிருந்து தாமானுக்கு மாறி வந்த நாளில் லாரியில் ஏற்றாமல் அம்மா மடியில் வைத்துக்கொண்டு வந்த பொருள்களில் அதுவும் ஒன்று. சில வருடங்களாக அந்த மணியின் சத்தம் கேட்பதில்லை. மணி உடையவில்லை. காலைப் பூசையில் அம்மா வலது கையில் கற்பூரத் தட்டை ஏந்துவார். இடது கையில் மணியை எடுத்து, அதன் வாய்க்குள் விரலைவிட்டு நாக்கைப் பிடித்துக்கொண்டே ஆட்டுவார். கை ஆடும், மணி ஆடும், சத்தம் மட்டும் வராது.

காரணம் தம்பி. கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. பாதி மாதம் இரவு ஷிப்ட். மாலை ஏழுக்கு நுழைந்தால் காலை ஏழுக்குத்தான் வெளியே வருவான். வீட்டில் இரண்டு படுக்கையறை. ஒன்று அம்மா அப்பாவுக்கு. இன்னொன்று அக்காவுக்கும் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும். தம்பிக்கு ஹால். எட்டு மணிக்கு அவன் கண்ணயரும் நேரத்தில்தான், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, உலை வைத்து, துணி அலசி, குளித்து முடித்து அம்மா சாமி மேடைக்கு முன்னால் வந்து நிற்பார். சாமி மேடையும் ஹாலில். டிவிக்கு மேலே சுவரில் அறைந்த பலகை. அதற்கு நேர் கீழே தம்பியின் மெத்தை.

கோலாலம்பூரிலிருந்து விடுமுறைக்குப் போன ஒரு காலையில் இதைப் பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தக் காட்சி என்னை விடவில்லை. இதில் யார் மேல் குற்றம் சொல்வது? தம்பி தூங்க வேண்டும். தூக்கமில்லாமல் மோட்டார் ஓட்டுபவனின் முடிவு நமக்குத் தெரியும். அம்மா கும்பிட வேண்டும். வீட்டில் எல்லாரும் நல்லவர்கள். பிறகு ஏன் ஒருத்தரின் ஓய்வு இன்னொருத்தரின் வழிபாட்டை வாயடைக்கிறது? யோசித்துக்கொண்டே போனதில், நான் விமர்சிக்க வேண்டியது வீட்டில் இருக்கும் மனிதர்களை அல்ல, வீட்டைத்தான் என்று பட்டது.

நான் கட்டடக் கலைஞன் கிடையாது. கதை படிப்பவன். ஆனால் வீட்டின் வரைபடமும் ஒரு பிரதிதான். அதை எழுதியவருக்கு வாசகரைப் பற்றி ஓர் எண்ணம் இருந்திருக்கும். இந்த வீட்டில் வாழப்போகிறவர் என்ன செய்வார், எப்போது செய்வார், என்ன செய்ய மாட்டார் என்ற எண்ணம். அதைப் படித்துப் பார்க்கலாம்.

1

மலேசிய அரசு 1982-இல் மலிவு விலை வீட்டுக்கு ஒரு வரையறை வகுத்தது. விலை 25,000 ரிங்கிட்டுக்கு மேற்படக்கூடாது. மாத வருமானம் 750 ரிங்கிட்டைத் தாண்டாத குடும்பத்துக்கு அது. 550 முதல் 600 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு குளியலறை. 1998-இல் விலை வரம்பு இடத்துக்கேற்ப 42,000 ரிங்கிட் வரை உயர்ந்தது, படுக்கையறைகளும் மூன்றாயின. லூனாஸ், பாடாங் செராய், சுங்கை பட்டாணி என்று தோட்டங்களிலிருந்து வெளியேறியவர்களில் பலருக்கு வாழ்க்கையில் முதன்முதலாகச் சொந்தப் பெயரில் ஒரு கதவு கிடைத்தது இந்த வரையறையால்தான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அப்பா முதல் மாதத் தவணை கட்டிய ரசீதை இன்னும் வைத்திருக்கிறார்.

ஆனாலும் அந்தப் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். தூங்க இடம், சமைக்க இடம், குளிக்க இடம். மிச்சம் இருப்பதெல்லாம் ஹால். விருந்தாளி, டிவி, பிள்ளைகளின் பாடம், சாமி, தைக்கும் மெஷின், இரவு ஷிப்ட் முடித்தவனின் தூக்கம் எல்லாம் அங்கே. வீடு மனிதர்களைப் பகலில் எதிர்பார்க்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் வேலைக்குப் போய், ஒரே நேரத்தில் திரும்பி, ஒரே நேரத்தில் படுப்பார்கள் என்பது வரைந்தவரின் கணக்கு. 1996-இல் கூலிம் ஹைடெக் பார்க் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டபின் எங்கள் வட்டாரத்தின் தூக்கமே ஷிப்ட் கணக்கில் உடைந்து போனது. தொழிற்சாலை மாறியது. வீடு மாறவில்லை. மதியம் இரண்டு மணிக்கு, மேற்கு வெயில் சுவரைச் சுடும்போது, மின்விசிறியின் சூடான காற்றில் தூங்க முயலும் ஒரு மனிதன் அந்த வரைபடத்தில் எங்குமே இல்லை.

இந்த வரைபடத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. தோட்டத்து லயம். நான் பிறந்தது அங்கேதான். பலகைச் சுவர், தகரக் கூரை, வரிசையாகக் கதவுகள். முன்னால் ஓர் அஞ்சடி, நடுவில் ஓர் அறை, பின்னால் சமையல்கட்டு. விடியற்காலையில் பெரட்டுக்குப் போக வேண்டியவர்களை முந்தின இரவு கிடத்தி வைக்கும் இடம். வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும். 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தபோது எங்கள் ஆள்கள் ஒரே நாளில் இரண்டையும் இழந்தார்கள். அந்தப் பயத்திலிருந்துதான் 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் எங்கள் கெடாவின் புக்கிட் சீடிம். தொழிலாளி கொடுத்த சந்தாவில் தொழிலாளியின் தோட்டம். எவ்வளவு பெரிய கனவு அது!

லயத்திலிருந்து தாமானுக்கு வந்தபோது உரிமை மாறியது. வெளியேறச் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் வீடு என்ற எண்ணம் அப்படியே லாரியில் ஏறி எங்களோடு வந்துவிட்டது. உழைப்பாளியை இரண்டு வேலைக்கு நடுவில் நிறுத்தி வைக்கும் கொட்டகை. சுவர் கல்லாகிவிட்டது, அவ்வளவுதான்.

2

இங்கே ஒரு சுலபமான வழி இருக்கிறது. எனக்கு அந்த வழி பழக்கமானது. லயத்தை நினைத்து உருகுவது.

நான் சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் அப்படித்தான் பேசினேன். லயத்தை வரைந்தவன் ஓய்வுக்கு இடம் வைக்கவில்லை, ஆனால் நம் மக்கள் வரைபடத்துக்கு வெளியே அதை உண்டாக்கிக்கொண்டார்கள் என்றேன். அஞ்சடியில் ஒரு பலகை போட்டால் திண்ணை. வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினால் கோயில். லயத்துக்குப் பின்னால் முருங்கையும் வாழையும். சாயங்காலம் பாலை ஸ்டோரில் கொடுத்துவிட்டு, குளித்து, திருநீறு பூசி, அஞ்சடியில் காலை நீட்டி உட்காரும் மனிதனின் ஓய்வைத் தாமான் வீடு பறித்துவிட்டது. அஞ்சடி இருந்த இடத்தில் இன்று கார் நிற்கிறது. அப்பா அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தால், மோட்டாரை வெளியே எடுக்க வேண்டும் என்று யாராவது அவரை எழுப்புகிறார்கள். இப்போது அவர் பஸ் நிற்கும் இடத்தில் போய் உட்காருகிறார். எந்த பஸ்ஸுக்கும் காத்திருக்காமல்.

கைதட்டினார்கள். நான் சொன்னதில் பொய் இல்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அந்தப் பேச்சைப் பெருமையாகச் சொன்னேன். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்:

“அஞ்சடியில உக்காந்தவன் எல்லாம் யாருடா? நான் என்னைக்கி உக்காந்தேன்?”

எனக்குப் பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் உண்மைதான். என் நினைவில் அஞ்சடியில் இருப்பவர்கள் எல்லாம் ஆண்கள். அம்மா அந்தச் சித்திரத்தில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகிறார். அவரும் பால்மரம் வெட்டியவர். அதே பெரட்டு, அதே நிரை, அதே வாளி. திரும்பி வந்தபின் அப்பாவுக்கு அஞ்சடி, அம்மாவுக்கு அடுப்பு.

“அப்ப எப்பம்மா நீங்க ஓய்வா இருப்பீங்க?”

“சாமி கும்புடுறப்பதான். அந்த நேரத்துல எவனும் கூப்புட மாட்டான். உங்க அப்பாவே கூப்புட மாட்டாரு. மணி அடிக்கிற சத்தம் கேட்டா, அவ சாமிகிட்ட நிக்கிறானு எல்லாருக்கும் தெரியும்.”

அந்த மணி எனக்கு அன்றுதான் புரிந்தது. அது சாமியைக் கூப்பிடும் மணி என்று நினைத்திருந்தேன். அது மனிதர்களைத் தள்ளி நிற்கச் சொல்லும் மணியும்கூட. ஒரு நாளில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒரு பெண் தன்னைச் சுற்றி எழுப்பிக்கொள்ளும் சத்தத்தாலான சுவர். அதற்குள் அவருக்கு வேலை கிடையாது. அந்தச் சுவரைத்தான் இப்போது அவர் விரலால் பிடித்து நிறுத்துகிறார். நாக்கைப் பிடித்த மணியோடு அவர் நிற்கும்போது, “ஆத்தா, என் பேனா எங்க?” என்று பேத்தி கூப்பிடுகிறாள். மணி கேட்காததால் அவளுக்குத் தெரிவதில்லை.

3

இதற்குப்பின் எங்கள் தோட்ட இலக்கியத்தை வேறு மாதிரி வாசிக்கத் தொடங்கினேன். அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ தொடங்கி, லூனாஸையே களமாகக் கொண்ட ம. நவீனின் ‘பேய்ச்சி’ வரை தோட்டத்து வாழ்வு பல கைகளில் எழுதப்பட்டிருக்கிறது. அவை அடைந்த உயரங்கள் வேறு வேறு. இங்கே தரவரிசை போடுவது என் வேலை இல்லை. பொதுவாக நான் வாசித்த தோட்டச் சிறுகதைகளைப் பற்றிச் சொல்கிறேன். அவற்றில் லயம் இரண்டு வேடங்களில்தான் வருகிறது. ஒன்று, கண்ணீர்: ஒழுகும் கூரை, குடிகார அப்பன். இன்னொன்று, இழந்த சொர்க்கம்: திருவிழா, உறவு, கூட்டாஞ்சோறு. இரண்டிலும் லயம் ஒரு பின்திரை. அறைக்குள் யார் எங்கே படுத்தார்கள், கதவு எந்தப் பக்கம் திறந்தது, சாமி எந்தச் சுவரில் இருந்தது, அங்கே நிற்கும் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் யார் நடந்துபோனார்கள் என்ற விவரங்கள் அபூர்வம். எழுத்தாளர்களை மட்டும் சொல்வானேன். விமர்சனம் எழுதும் நாங்களும் அதைக் கேட்டதில்லை.

தமிழில் இதைக் கேட்ட கதை இருக்கிறது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’. 1988-இல் வந்த தொகுப்புக்கும் அதே பெயர். ராஜஸ்தானில் ஒரு பெரிய குடும்பத்தின் வீடு. அதில் சமையலறை ஏதோ பின்னால் நினைவு வந்து ஒட்டவைத்ததுபோல் ஒரு மூலையில் இருக்கிறது. அந்த வீட்டின் அதிகாரம் முழுவதையும் அந்த மூலையிலிருந்தே அம்பை வாசித்துவிடுகிறார். யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை; வீட்டின் அமைப்பே போதுமானதாக இருக்கிறது. தோட்டத்து லயத்துக்கு இப்படி ஒரு கதை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. தாமான் வீட்டுக்கும் கிடைக்கவில்லை.

வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் இழுக்கும் ஒரு பெயர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் காஸ்டன் பாஷ்லார். வெளியின் கவித்துவம் குறித்த அவருடைய நூல் 1957-இல் வந்தது. வீடு பகற்கனவு காண்பவனுக்கு அடைக்கலம் தருகிறது, அவன் நிம்மதியாகக் கனவு காண இடம் விடுகிறது என்பது அவர் வாதம். நிலவறையும் பரணும் மூலைகளும் இழுப்பறைகளும் கொண்ட வீடு அது. மிக அழகான புத்தகம். நானும் ஒரு காலத்தில் மயங்கிக் கிடந்தேன். இன்று படிக்கும்போது ஒரு கேள்வி குறுக்கே நிற்கிறது. அந்தப் பரணை யார் பெருக்கினார்கள்? பகற்கனவு காண்பவருக்கு வேளைக்குச் சாப்பாடு வந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்தான் வீடு முழுவதையும் கவிதையாக வாசிக்க முடியும். எங்கள் அம்மாவுக்கு வீடு என்பது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல். அந்தப் பட்டியலில் இல்லாத ஓர் இடம் சாமி மேடைக்கு முன்னால் இருக்கும் இரண்டடித் தரை. அதுதான் அவருடைய பரண்.

ஆகவே ஓய்வு, ஆன்மிகம் என்று நாம் இரண்டு சொற்களாகப் பிரித்துப் பேசுவதிலேயே ஒரு பிழை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உட்கார உரிமையுள்ளவர்களுக்கு அவை இரண்டு. அந்த உரிமை இல்லாதவர்களுக்கு ஒன்றுதான். எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கு வழிபாடு என்பது யாரும் கேள்வி கேட்க முடியாத ஓய்வு. “சும்மா உக்காந்திருக்கேன்” என்று சொல்ல முடியாது. “சாமி கும்புடுறேன்” என்று சொல்லலாம். இதில் பக்தி இல்லை என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் பக்தியை அளக்க நான் யார்? பக்திக்குள் ஓர் ஓய்வும் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

4

இப்போது எங்கள் தாமானிலும் வீடுகளை உடைத்துக் கட்டுகிறார்கள். பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. பூசை அறை வைக்காத புதுப்பிப்பு இல்லை. நான் போய்ப் பார்த்த வீடுகளில் அது பெரும்பாலும் ஹாலின் கண்ணில்படும் மூலையில் இருக்கிறது. சலவைக்கல் படி, கண்ணாடிக் கதவில் செதுக்கிய ஓம், பின்னால் நிறம் மாறும் எல்.ஈ.டி. விளக்கு. வாசலில் நுழைந்தவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். வாஸ்து பார்த்து ஈசான மூலையில் வைத்திருப்பார்கள். எல்லாம் சரி. உள்ளே ஒருவர் உட்கார முடியுமா என்று பார்த்தால் முடியாது. கதவைத் திறந்து, வெளியே ஹாலில் நின்றுகொண்டு கும்பிட வேண்டும். டிவி ஓடிக்கொண்டிருக்கும். இது சாமியை வைக்கும் அலமாரி. மனிதருக்கு அதில் இடமில்லை.

ஓய்வும் அப்படியே. படுக்கையறைக்குக் குளிர்சாதனம் போட்டால் ஓய்வு கிடைத்துவிடும் என்று நம்புகிறோம். தூக்கம் ஓய்வில் ஒரு பகுதி. விழித்துக்கொண்டே சும்மா இருப்பது இன்னொரு பகுதி. பின்னதற்கு நாம் ஒன்றுமே கட்டுவதில்லை. விற்பனை அட்டைகளில் மனிதர்கள் எப்போதும் சோபாவில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவைப் போல் எதையும் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை.

“600 சதுர அடியில இதுக்கெல்லாம் எங்க இடம்? காசு இருக்கறவன் பேச்சு இது” என்று தம்பியே என்னிடம் சொன்னான். நியாயமான கேள்வி. பதிலுக்கு எனக்கு நினைவு வருவது நம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கதை. திருக்கோவலூரில் ஒரு மழை இரவு. பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்குகிறார். அங்கே ஒருவர் படுக்கலாம். பூதத்தாழ்வார் வருகிறார், ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் இருக்கலாம் என்று உட்காருகிறார்கள். பேயாழ்வார் வருகிறார், இருவர் இருக்கும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று நிற்கிறார்கள். அப்போது நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்கிறார்கள். தமிழ் வைணவத்தின் முதல் வெளிச்சம் ஏற்றப்பட்டது, பாரம்பரியம் சொல்கிறபடி, ஒரு நடைபாதையில். கோயிலில்கூட இல்லை. ஆகவே சதுர அடி முதல் பிரச்சினை இல்லை. ஆனால் அந்த வீட்டைக் கட்டியவர் ஓர் இடைகழி விட்டிருந்தார். வாசலுக்கும் அறைக்கும் நடுவில், எந்த வேலைக்கும் ஒதுக்காத, மழைக்கு ஒதுங்குகிறவர் நுழையக்கூடிய ஓர் இடம். அது இல்லாதிருந்தால் மூவரும் நனைந்துகொண்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. வள்ளலார் சிறுவனாகச் சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் அண்ணன் வீட்டில் இருந்தபோது, மாடியில் ஓர் அறை கேட்டு வாங்கினார். சுவரில் ஒரு கண்ணாடி, முன்னால் ஒரு விளக்கு. அந்தக் கண்ணாடியில் திருத்தணி முருகனைக் கண்டார் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. பின்னாளில் 1872-இல் வடலூரில் எண்கோணமாக எழுந்த சத்திய ஞான சபைக்கு முன்னோட்டம் அந்தச் சின்ன அறை. இதையும் மலேசியாவில் வள்ளலார் விழாக்களில் அடிக்கடி கேட்கிறோம். அம்மாவின் கேள்விக்குப் பிறகு அந்தக் கதையில் இன்னொருவரும் எனக்குத் தெரிகிறார். கோபத்தில் இருந்த அண்ணனுக்குத் தெரியாமல் சோறு போட்ட அண்ணி. சிறுவனுக்கு மாடியறை கிடைத்தது. அண்ணிக்கு எந்த அறை?

5

பிறகு என்னதான் வேண்டும் என்று கேட்டால், என்னிடம் இருப்பது சின்னப் பட்டியல்தான். அதில் எதுவும் புதிது இல்லை. நம் கண்முன்னே இருந்தவை.

எங்கள் தாமானைத் தாண்டினால் இன்னும் சில மலாய்க் கம்பத்து வீடுகள் கால்களில் நிற்கின்றன. முன்னால் செராம்பி. வீட்டுக்காரரும் விருந்தாளியும் தரையில் உட்காரும் நீண்ட இடம். தாழ்ந்த கூரை விளிம்பு வெயிலையும் மழையையும் தடுக்கிறது. தரைமட்ட ஜன்னல் உட்கார்ந்திருப்பவருக்குக் காற்றைக் கொண்டுவருகிறது. லிம் ஜீ யுவான் 1987-இல் மலாய் வீடு குறித்து எழுதிய நூலில் இதை விரிவாக வரைந்து காட்டியதோடு, வீடமைப்புத் திட்டங்களின் கல்வீட்டோடு ஒப்பிட்டும் பேசினார். அந்த வீட்டின் உயரங்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கும் மனிதரை வைத்து அளக்கப்பட்டவை. எங்கள் தாமான் வீட்டின் ஜன்னல் நிற்பவர்களுக்கு. உட்கார்ந்தால் சுவர்தான் தெரியும்.

இன்னும் பழைய பாடம் மெர்போக்கில், பூஜாங் பள்ளத்தாக்கில் இருக்கிறது. புக்கிட் பத்து பஹாட் சண்டிக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கருவறை இருந்த விமானப் பகுதிக்கு முன்னால் ஒரு மண்டபத்தின் அடித்தளம். மரத் தூண்கள் மக்கிப்போய், அவை நின்ற கல்பீடங்கள் மட்டும் மிச்சம். சாமிக்கு எவ்வளவு இடமோ, சாமிக்கு முன்னால் இருப்பவர்களுக்கு அதைவிட அதிகம். கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதே பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி ஒரு வீடமைப்புத் திட்டத்துக்காக நிலம் சமன் செய்யப்பட்டபோது இடிக்கப்பட்டது என்ற செய்தி 2013-இன் இறுதியில் வெளியானபோது எல்லாரும் கோபப்பட்டோம். நியாயமான கோபம். ஆனால் ஒவ்வொரு தாமானிலும் வரைபட மேசையிலேயே ஒரு மண்டபம் சத்தமில்லாமல் அழிக்கப்படுவதற்கு நாம் கோபப்பட்டதில்லை.

என் பட்டியல் இதுதான். காருக்கு விடும் இடத்தில் மூன்றடி மனிதருக்கு. பகலில் தூங்குகிறவருக்கு மேற்கு வெயில் படாத, தெருவைப் பார்க்காத ஓர் அறை. கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் ஒரு விரிப்பு. சாமி மேடை டிவியிலிருந்தும் மெத்தையிலிருந்தும் விலகி, முன்னால் ஒருவர் சம்மணம் போட்டு உட்காரும் தரையோடு. பெரிய விளக்கு வேண்டாம். ஓர் அகல் எரிவது தெரியும் அளவுக்கு அரையிருட்டு போதும். எல்லாவற்றுக்கும் மேல், வரைபடம் போடும் நாளில் வீட்டின் பெண்ணிடம் “நீங்க எங்க உக்காருவீங்க?” என்று ஒரு கேள்வி.

அந்தக் கேள்வியை நான் போன தீபாவளிக்கு அம்மாவிடம் கேட்டேன். ஹாலையும் சமையலறையையும் இணைக்கும் நடையில், குளியலறைக் கதவைத் தாண்டி, பழைய சைக்கிளும் காலி கேஸ் தோம்பும் கிடக்கும் நாலடி இடத்தைக் காட்டினார். வாஸ்துப்படி அது கூடாத இடம் என்று அக்கா சொன்னார். “தோட்டத்துல மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்துல மாரியம்மா இருந்தா. அவ ஒண்ணும் சொல்லல” என்றார் அம்மா. நானும் தம்பியும் சைக்கிளை விற்றோம். நடைக்கும் ஹாலுக்கும் நடுவில் தச்சரை வைத்து ஒரு பலகைக் கதவு போட்டோம். செலவு 480 ரிங்கிட்.

இதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. தம்பி இன்னும் ஹாலில்தான் தூங்குகிறான். பகல் வெக்கை அப்படியே இருக்கிறது. அப்பா இன்னும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போகிறார். அவருக்கான மூன்றடியை நாங்கள் இன்னும் காரிடமிருந்து மீட்கவில்லை. கதவும் அவ்வளவு கெட்டி இல்லை. மணியை முழுதாக அடித்தால் தம்பிக்குக் கேட்கும். அம்மா இப்போது நாக்கைப் பிடிப்பதில்லை. மெதுவாக இரண்டு தடவை மட்டும் அடிக்கிறார். தம்பி புரண்டு படுக்கிறான். பேத்தி பள்ளி விடுமுறையில் வீட்டில் இருந்தால், அந்த இரண்டு சத்தத்தைக் கேட்டதும் பேனாவைத் தானே தேடிக்கொள்கிறாள்.